யாரும் ஆகலாம் ஒப்பந்ததாரர்!

தலைநகர் தில்லியின் நடைபாதையில் தள்ளுவண்டி வைத்துப் பக்கோடா பொரிப்பவருக்கு, 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் வேண்டும். வீட்டுக்குள் மின்கம்பி இழுக்கும் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலம்தான் செய்ய வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் காலத்திலிருந்தே இருந்துவரும் கட்டுப்பாடு. ஆனால், அந்த மின்கம்பி ஓடுகிற சுவரையும், சுவருக்குத் துணை நிற்கும் தூணையும், தூணைத் தாங்கும் கடைக்காலையும் எழுப்பித் தருவதாகச் சொல்லி ஐம்பது லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் பேசுகிறவர் எந்தத் தேர்விலும் தேற வேண்டியதில்லை. எந்த வைப்புத்தொகையும் கட்ட வேண்டியதில்லை. ஒரு பெயர்ப் பலகையும் ஒரு செல்பேசி எண்ணும் போதும். நேற்றுவரை ஜல்லி, மணல் தரகராக இருந்தவர் இன்று காலை முதல் கட்டுமான ஒப்பந்ததாரர்.

இந்தியக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு வீடு. அந்தச் செலவை ஏற்று நடத்துகிற தொழிலுக்கு நாடு தழுவிய உரிம முறை எதுவும் இல்லை என்பது பலருக்கும் வீடு கட்டத் தொடங்கிய பிறகே தெரிய வருகிறது.

"அதற்குத்தான் ரெரா சட்டம் வந்துவிட்டதே' என்று கேட்கலாம். 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் பயனுள்ள சட்டம் என்பதில் ஐயமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குபவருக்கு அது ஓரளவு பாதுகாப்பைத் தந்திருக்கிறது. ஒப்படைத்த ஐந்தாண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் விற்பனையாளரே தன் செலவில் சீர்செய்ய வேண்டும் என்கிறது அதன் 14-ஆவது பிரிவு. ஆனால் அந்தச் சட்டம் கட்டி விற்பவரைப் பற்றியது; கட்டிக் கொடுப்பவரைப் பற்றியது அல்ல. சொந்த மனையில் ஒருவர் தமக்காகக் கட்டிக்கொள்ளும் வீடு அதன் வரம்பில் வராது. விற்பனை நோக்கமில்லாத பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் வராது. விற்பனைக்காகக் கட்டினாலும்கூட, நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் பதிவு செய்ய வேண்டியதில்லை. தில்லியில் தெருவுக்குத் தெரு எழும் நான்கு மாடி "பில்டர் புளோர்' கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த விதிவிலக்கின் நிழலில் நிற்பவைதான். நொய்டாவிலும் குருகிராமிலும் பெருநிறுவனங்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தவித்தவர்கள் திரண்டு போராடினார்கள், சட்டம் பிறந்தது. தனி வீடு கட்டி ஏமாந்தவர்கள் திரள்வதற்கு வழியில்லை. ஒவ்வொருவரும் அவரவர் மனையில் தனித்தனியாக நின்று ஏமாறுகிறார்கள்.

அரசு தனக்காகக் கட்டிக்கொள்ளும்போது இப்படி இருப்பதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தில்லியின் அமைச்சகக் கட்டடங்களைப் பராமரிக்கும் மத்திய பொதுப்பணித் துறையிடம் வேலை பெற வேண்டுமானால், ஒப்பந்ததாரர் முதலில் அத்துறையின் பட்டியலில் இடம்பெற வேண்டும் அல்லது ஒப்பந்தப்புள்ளியில் கேட்கும் தகுதிகளை மெய்ப்பிக்க வேண்டும். முன்பு செய்த வேலைகளின் மதிப்பு, வங்கியின் நிதிநிலைச் சான்று எல்லாம் பார்த்துத்தான் எந்த வகுப்பு ஒப்பந்ததாரர் என்று வரையறுக்கிறார்கள். வேலை கிடைத்தால் செயல்திறன் உத்தரவாதம் கட்ட வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதி காப்புத்தொகையாகப் பிடிக்கப்படும். எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் பொறியாளர் அளந்து எழுதாமல் ஒரு ரூபாயும் வெளியேறாது. வேலை முடிந்த பிறகும் குறைகளுக்குப் பொறுப்பேற்கும் காலம் முடியும்வரை காப்புத்தொகை அரசின் கையில்தான் இருக்கும். இத்தனை வேலிகளையும் தாண்டி அரசுக் கட்டடங்களில் ஊழல் நடக்கிறதே என்பது வேறு விவாதம். ஒப்பந்ததாரர் என்கிற ஆள் எப்படிப்பட்டவராகவும் இருக்கக்கூடும் என்பதை அரசு நன்றாக அறிந்திருக்கிறது என்பதே இங்கு செய்தி. அறிந்த அரசு தன்னைக் காத்துக்கொண்டது. குடிமக்களை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது.

கிராமப்புற ஏழைகளுக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் அரசு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. துறை சார்பில் ஒப்பந்ததாரர் எவரையும் ஈடுபடுத்தக் கூடாது என்று அதன் வழிகாட்டு நெறிகளே தடுக்கின்றன. பயனாளியே கட்ட வேண்டும், சமவெளியில் 1.20 லட்சம் ரூபாயும் மலைப்பகுதிகளில் 1.30 லட்சமும் தவணை தவணையாக வரும். கட்டுமானம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புவிக்குறியீட்டுடன் படமெடுத்துப் பதிவேற்றினால்தான் அடுத்த தவணை. 1.20 லட்சம் ரூபாய்க்கு இவ்வளவு கண்காணிப்பு. வங்கியில் அரைக் கோடி கடன் வாங்கி நகரத்தில் வீடு கட்டும் ஆசிரியருக்கோ எழுத்தருக்கோ, கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பதுதான் கண்காணிப்பு. அவரும் வங்கியின் பணம் பத்திரமா என்று பார்க்க வருபவரே.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? பேச்சு எப்போதும் "சதுர அடிக்கு இவ்வளவு' என்றுதான் தொடங்குகிறது. அந்தச் சதுர அடியில் படிக்கட்டு உண்டா, மாடிக் கைப்பிடிச்சுவர் உண்டா, தண்ணீர்த் தொட்டி உண்டா என்பது பேசப்படுவதில்லை. எந்தக் கம்பி, எந்தத் தரச் சிமெண்ட், கதவுக்கு எந்த மரம் என்பதும் எழுதப்படுவதில்லை. எழுதினாலும், "நல்ல தரமான' என்கிற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். முன்பணம் கணிசமாகக் கைமாறும். கடைக்கால் வேலை மளமளவென்று நடக்கும். முதல் தளம் போடும்வரை ஒப்பந்ததாரர் காலையும் மாலையும் வந்து நிற்பார். அதற்குள் மொத்தத் தொகையில் பெரும்பங்கு அவரிடம் போயிருக்கும். பிறகு "எக்ஸ்ட்ரா' என்கிற சொல் புழக்கத்துக்கு வரும். பூச்சு வேலையும் தரை வேலையும் லாபம் குறைந்தவை. இழுத்தடிக்கும் காலம் அங்கேதான் தொடங்குகிறது. இந்த மனையின் பணம் இன்னொரு மனையின் கடைக்காலுக்குள் போய்விட்டது என்பது உரிமையாளருக்குத் தெரியும்போது, பாதி எழும்பிய வீட்டையும் பழைய வீட்டு வாடகையையும் வங்கித் தவணையையும் அவர் ஒருசேரச் சுமந்துகொண்டிருப்பார்.

தில்லியில் இதோடு பனிக்காலமும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் தரம் கெடும்போது படிநிலை நடவடிக்கைத் திட்டத்தின் மூன்றாம், நான்காம் நிலைகள் அமலாகின்றன. கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. பிகாரிலிருந்தும் புந்தேல்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் கூலியில்லாமல் ஊர் திரும்புகிறார்கள். தடை நீங்கினாலும் அவர்கள் உடனே வருவதில்லை. இந்தத் தாமதத்தின் செலவு யாருடையது? ஆண்டுதோறும் நிகழ்வது என்று தெரிந்திருந்தும், சாதாரண வீட்டு ஒப்பந்தங்களில் இதைப் பற்றி ஒரு வரி காண்பது அரிது. வழக்கமாக உரிமையாளர் தலையில்தான் விடிகிறது. கூலிக்காரரின் இழப்பைப் பற்றிக் கேட்கவே ஆளில்லை.

பணம் போனால் கணக்குப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத குறைதான் அஞ்சத்தக்கது. நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதிகளில் தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டப்படும் வளையங்களின் முனை 135 பாகைக்கு உள்நோக்கி மடிக்கப்பட வேண்டும் என்கிறது இந்தியத் தர அமைவனத்தின் விதி. 90 பாகையோடு விட்டுவிட்டால் கம்பி வளைப்பவருக்கு வேலை எளிது. கான்கிரீட் போட்ட பிறகு எவருக்கும் தெரியாது. பூமி அசையும் நாளில்தான் வளையம் வாய் திறக்கும். போட்ட கான்கிரீட்டை சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது ஏழு நாள்களும், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாள்களும் ஈரம் காயாமல் காக்க வேண்டும். தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுக்க வேண்டிய தில்லியின் புறநகர்க் குடியிருப்புகளில் இது எத்தனை நாள் நடக்கிறது என்பதை அக்கம்பக்கத்தாரைக் கேட்டாலே தெரிந்துவிடும். 2010 நவம்பர் 15 அன்று கிழக்குத் தில்லியின் லட்சுமி நகர், லலிதா பார்க் பகுதியில் ஒரு கட்டடம் சரிந்து ஏறத்தாழ 70 பேர் மாண்டார்கள். 2025 ஜனவரியில் புராரியில் புதிதாக எழுப்பப்பட்ட நான்கு மாடிக் கட்டடமே விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் முஸ்தபாபாதில் 11 உயிர்கள். ஒவ்வொரு முறையும் விசாரணைக்கு உத்தரவு, நிவாரணத் தொகை. இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறுவேறாக இருக்கலாம். ஆனால், கட்டியவர் யார், அவர் வேறு எங்கெல்லாம் கட்டியிருக்கிறார் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள உரிமப் பதிவேடு ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

வரைபடத்தில் கையொப்பமிடும் நிபுணர் இருக்கிறாரே என்றால், அங்கேயும் ஓட்டை. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அது "ஆர்க்கிடெக்ட்' என்கிற பட்டத்தைத்தான் பாதுகாக்கிறது, பதிவு செய்யாதவர் அத்தொழிலின் வேலைகளைச் செய்வதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவுபடுத்திவிட்டது. பொறியாளர்களுக்கு அப்படியொரு மத்தியச் சட்டம்கூடக் கிடையாது. நகராட்சி அனுமதிக்கான கோப்பில் பெரும்பாலும் இருப்பவை உரிமையாளரின் கையொப்பமும் வரைந்தவரின் கையொப்பமும்தான். பணத்தை வாங்கிக்கொண்டு கட்டுகிறவர் கோப்புக்கு வெளியே நிற்கிறார்.

தொழிலாளர் சட்டங்களின் வழியாகவாவது அவர் பிடிபடுவாரா? 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருபது பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் ஒப்பந்ததாரரிடம்தான் உரிமம் கேட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை ஐம்பதாக உயர்த்திவிட்டது. எட்டுப் பேரையும் ஒரு மேஸ்திரியையும் வைத்து நான்கு மனைகளில் மாறி மாறி வேலை செய்கிறவர் அன்றும் வலையில் இல்லை, இன்றும் இல்லை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த சித்தாளுக்கு யார் பொறுப்பு என்கிற கேள்வி, மருத்துவமனை வாசலில் உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதோடு முடிகிறது.

ஏமாந்தவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்திருக்கிறது. வீடு கட்டிக் கொடுப்பதும் "சேவை'தான் என்று 1993-இல் சட்டம் திருத்தப்பட்டது, 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஆனால் கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே போய்ச் சேர்வது வேறு. தில்லி கைலாஷ் காலனியில் மனை வைத்திருந்த ஒருவர் 1991-இல் கட்டுமான நிறுவனம் ஒன்றுடன் கூட்டு ஒப்பந்தம் செய்தார். குறைகளைச் சொல்லி அவர் முறையிட்டபோது, "இது கூட்டு வணிகம், இவர் நுகர்வோர் அல்ல' என்று கீழ்நிலை அமைப்புகள் தள்ளிவிட்டன. ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் நில உரிமையாளர் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2008 ஜூலையில். நாடு முழுவதற்கும் முன்னுதாரணமான தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு, வழக்கை மீண்டும் மாவட்ட அமைப்புக்கே விசாரணைக்காக அனுப்பியது. பதினேழு ஆண்டுகள் கழித்து, புகாரைக் கேட்கலாம் என்பது உறுதியானது!

இன்னொரு பொறியும் உண்டு. அதை உரிமையாளர்கள் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். பொருளும் கூலியும் சேர்ந்த வீட்டு ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. "பில் வேண்டாம் என்றால் அந்தப் பணம் மிச்சம்' என்பார் ஒப்பந்ததாரர். நாற்பது லட்சத்தில் ஏழு லட்சத்துக்கு மேல் மிச்சமாகிறதே என்று மகிழ்ந்து ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறவர், தன்னிடம் இருந்த ஒரே ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு அந்த வரி கிடையாது என்பதையும், பொருளைத் தானே பில் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் அறிந்தவர்கள் சிலரே. அவர்களுக்கும் மேஸ்திரியைத் தவிர வேறு மேற்பார்வையாளர் இருப்பதில்லை.

வேறு நாடுகள் என்ன செய்கின்றன? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒப்பந்ததாரர் உரிம வாரியம் 1929 முதல் இயங்குகிறது. 1,000 டாலர் மதிப்பை எட்டும் வேலைக்கு உரிமம் வேண்டும். 2024 வரை இந்த வரம்பு 500 டாலராகவே இருந்தது. நான்காண்டு நேரடி அனுபவம் காட்டி, தேர்வு எழுதி, 25,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுத்தால்தான் உரிமம். வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு முன்பணமாகப் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் பெறக் கூடாது. இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான விதி ஒன்று உண்டு. உரிமம் இல்லாதவர் செய்த வேலைக்குக் கூலி கேட்டு நீதிமன்றம் போக முடியாது. வேலை கொடுத்தவரோ தாம் செலுத்திய தொகை முழுவதையும் திருப்பிக் கேட்கலாம். எந்த ஒப்பந்ததாரரின் உரிம எண்ணையும் தட்டிப் பார்த்து, அவர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை எவரும் தெரிந்துகொள்ளலாம். எல்லா வளர்ந்த நாடுகளும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பொதுவான வீட்டுக் கட்டுமானக்காரருக்கு இன்றும் கட்டாய உரிமம் கிடையாது. ஆனால் அங்கே உள்ளாட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டு முறை கட்டம் கட்டமாக வந்து பார்க்கிறது. இந்தியாவில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

"லைசென்ஸ்' என்கிற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1991-க்கு முந்தைய அனுபவம் அப்படி. இன்னொரு ஆய்வாளர், இன்னொரு மேசை, இன்னொரு லஞ்சம் என்கிற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வர வேண்டியது அதிகாரியின் தயவில் கிடைக்கும் அனுமதியாக இல்லாமல், பிணைத்தொகையும் பொதுப் பதிவேடும் முன்பண உச்சவரம்பும் சேர்ந்த பதிவு முறையாக இருக்க வேண்டும். கலிபோர்னிய முறையின் வலிமை ஆய்வாளரிடம் இல்லை. பதிவு இல்லாதவனுக்குக் கூலி கேட்கும் உரிமை இல்லை என்பதில் இருக்கிறது. அதை அமல்படுத்த அதிகாரி எவரும் தெருவில் இறங்க வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. படிக்காத, கைத்திறனால் உயர்ந்த மேஸ்திரிகளை உரிமம் வெளியே தள்ளிவிடாதா? சித்தாளாகத் தொடங்கிக் கொத்தனாராகி, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பொறியியல் பட்டத்தைத் தகுதியாக வைத்தால் அது பழைய வேலியைப் புதிய பெயரில் போடுவதாகவே முடியும். பட்டம் தேவையில்லை, அனுபவம் போதும் என்று வைக்கலாம். ஏற்கெனவே பெற்ற திறனை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் முறை மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 2015 முதலே இருக்கிறது. கொத்தனாருக்கு அந்தச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு அதனால் என்ன பயன் என்று சொல்லாமல் விட்டது அரசின் குறை. சிறிய வேலைகளுக்குச் சிறிய பிணை, பெரிய வேலைகளுக்குப் பெரிய பிணை என்று படிநிலை வைப்பதில் என்ன தடை? உண்மையில் இன்றைய நிலையால் அதிகம் நட்டமடைகிறவர் நேர்மையான மேஸ்திரிதான். சதுர அடிக் கணக்கில் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துப் பாதியில் ஓடுகிறவனோடு அவர் விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது.

இதை யார் செய்வது என்பதிலும் தெளிவு வேண்டும். நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒப்பந்தங்கள் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. ரெரா சட்டம் நின்றது அந்தப் பட்டியலில்தான். மேற்கு வங்கம் தனக்கென்று கொண்டுவந்த வீட்டு வசதி ஒழுங்குமுறைச் சட்டத்தை 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்ததை மாநிலங்கள் மறந்திருக்காது. மத்திய அரசு முந்திக்கொண்டு சட்டம் போட்டால், இன்னொரு துறையும் தில்லிக்குப் போய்விடும். தனி வீடு கட்டும் ஒப்பந்ததாரர் விஷயத்தில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. மாநில உரிமை பேசும் அரசுகள் அதை முதலில் நிரப்புவதே முறை.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் அவசரம் உண்டு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் அடிப்படையில் இணையவழி உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் அங்கே தொடங்கப்பட்டது. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்பதால் வரவேற்கத்தக்க சீர்திருத்தம். ஆனால் அரசின் பார்வை ஒரு படி பின்வாங்கும்போது, கட்டுகிறவரின் பொறுப்பு ஒரு படி முன்னால் வர வேண்டும். விதிப்படி கட்டுவேன் என்று உறுதிமொழி கொடுப்பவர் உரிமையாளர். அந்த விதிகளைப் படிக்கவோ, தூண் வளையத்தின் கோணத்தை அளக்கவோ அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவரின் பெயரும் பதிவு எண்ணும் அதே இணையப் படிவத்தில் இன்னும் ஒரு கட்டமாகச் சேர்ந்தால் போதும், தொடக்கம் கிடைத்துவிடும்.

அப்படியொரு கட்டத்தைச் சேர்க்க எந்தக் கட்சியும் முன்வராததன் காரணத்தை வார்டு அரசியலில்தான் தேட வேண்டும். தில்லியானாலும் சென்னையானாலும், தெருவில் மணல் கொட்டப்பட்ட மறுநாளே வந்து விசாரிக்கும் உள்ளூர்ப் பிரமுகர், அவருக்கு வேண்டிய ஒப்பந்ததாரர், கண்டும் காணாமல் போகும் இளநிலைப் பொறியாளர் என்கிற மூவர் கூட்டணி கட்சி பேதம் அறியாதது. ஒப்பந்ததாரர்களில் பலர் தேர்தல் நேரத்தில் வண்டியும் ஆளும் கொடுப்பவர்கள். சிலர் தாங்களே கவுன்சிலர்கள். 2013-இல் மாநிலங்களவையில் அறிமுகமாகி 2016-இல் நிறைவேறிய ரெரா மசோதாவைப் பெருநிறுவனங்கள் தாமதப்படுத்த முடிந்தது, தடுக்க முடியவில்லை. தெருமுனை ஒப்பந்ததாரர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவர்களைப் பற்றிய மசோதாவை இதுவரை எவரும் எழுதக்கூட இல்லை.